நியூ ஜெர்சி ஹைஸ்கூலில் மகளை எதெதில் சேர்ப்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். ஜூலையில் சென்னையிலிருந்து பிளெயின்ஸ்பரோ பக்கம் குடிவருகிறீர்கள். மகள் செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு. நான்கு வருடமாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். விளையாட்டுப் பக்கம் அதிகம் போனதில்லை. ஏழெட்டு ஆக்டிவிட்டி (பாடத்துக்கு வெளியே விளையாட்டு, இசை, கிளப் போன்றவை) இல்லாவிட்டால் நல்ல காலேஜ் கிடைக்காது என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். அது உண்மையா, எதெதில் சேர்க்க வேண்டும் என்பது கேள்வி.

ஏழெட்டு வேண்டாம். முதல் வருடத்துக்கு இரண்டு போதும். வகுப்பு நேரத்திலேயே வரும் ஆர்கெஸ்ட்ரா ஒன்று. பள்ளி விட்ட பிறகு, ஒன்றும் தெரியாமல் வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்கிற ஓர் அணியோ குழுவோ ஒன்று. மீதியை அவளே தேடிக்கொள்வாள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் இந்த மாநிலத்து அரசுப் பள்ளியில்தான் படித்து முடித்தார்கள். பேண்ட் பெற்றோர் சங்கத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வருடா வருடம் புதிதாக வரும் நம்மூர்க் குடும்பங்கள் இதே கேள்வியோடு வருகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பள்ளியைப் பற்றி. அட்மிஷனுக்கு அலைவது, டொனேஷன், நேர்முகத் தேர்வு எதுவும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் முகவரி எந்தப் பள்ளிக்கு உட்பட்டதோ அந்தப் பள்ளி உங்கள் மகளைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும்தான் அட்மிஷன் டிக்கெட். பள்ளியை நடத்துவது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். அதன் போர்டு உறுப்பினர்களை ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பணத்தில் பெரும்பகுதி ஊர்க்காரர்களின் சொத்து வரியிலிருந்து வருகிறது. அமெரிக்காவிலேயே சொத்து வரி அதிகம் உள்ள மாநிலம் நியூ ஜெர்சி. ஒரு வீட்டுக்கான சராசரி வரி 2024-இல் ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. நீங்கள் வாடகைக்கு இருந்தாலும் அது வாடகைக்குள் ஒளிந்திருக்கிறது. ஆயிரம் பேர் உட்காரும் அரங்கம், விளக்குக் கம்பங்களோடு செயற்கைப் புல் மைதானம், இசைக்கருவி அறை எல்லாம் அந்தக் காசில் வந்தவைதான். அவற்றை மகள் பயன்படுத்துவது யாருடைய தயவும் அல்ல.

பள்ளி பொதுவாகக் காலை ஏழரையை ஒட்டித் தொடங்கி மதியம் இரண்டரைக்கெல்லாம் முடிந்துவிடும். நம்மூரில் பள்ளி விட்டதும் டியூஷனுக்கு ஓடும் நேரத்தில் இங்கே பாதிப் பள்ளி உள்ளேயே இருக்கும். பிள்ளைகளின் நட்பு பெரும்பாலும் அந்த மாலை நேரத்தில்தான் உருவாகிறது. இங்கே நம்மூர் மாதிரி ஒரே செக்‌ஷனில் வருடம் முழுக்க உட்காருவதில்லை. மணிக்கு மணி அறை மாறும், உடன் இருப்பவர்களும் மாறுவார்கள். வெளிநாட்டிலிருந்து ஒன்பதாவதில் வந்து சேரும் பெண் வகுப்பறையை மட்டும் நம்பியிருந்தால், மதிய உணவுக்கு யாரோடு உட்காருவது என்பதே பெரிய பிரச்சினையாகிவிடும். ஆக்டிவிட்டியில் சேரச் சொல்வதற்கு என் முதல் காரணம் இதுதான். காலேஜ் அதற்கப்புறம்.

இப்போது ஆர்கெஸ்ட்ரா. நம்மூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை: பேண்ட், ஆர்கெஸ்ட்ரா, கோரஸ் மூன்றும் இங்கே பாடவேளைக்குள் வரும் பாடங்கள். மதிப்பெண் உண்டு, கிரெடிட் உண்டு. நியூ ஜெர்சியில் ஹைஸ்கூல் முடித்த பட்டயம் வாங்க 120 கிரெடிட் வேண்டும். அதில் 5 கிரெடிட் ஏதாவது ஒரு கலைப் பாடத்தில் எடுத்தே தீர வேண்டும். ஆகவே ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தால் அந்தக் கணக்கும் தீர்ந்தது. ஆனால் இங்குள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் குளிர்காலத்திலேயே பாடங்களைத் தேர்ந்தெடுத்து முடித்திருப்பார்கள். ஜூலையில் வருகிற உங்களுக்கு மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும். விமான டிக்கெட் போட்டதும் பாடத் தேர்வைக் கவனிக்கும் பள்ளி ஆலோசகரான கவுன்சலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வயலின் தெரியும், ஆர்கெஸ்ட்ராவில் இடம் வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். இசை ஆசிரியர் யாரென்று கேட்டு அவருக்கும் ஒரு நகல்.

கர்நாடக வயலின் இங்கே எடுபடுமா என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. கருவி ஒன்றுதான், மற்ற எல்லாமே வேறு. அவள் தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்துப் பழகியவள். இங்கே நாற்காலி நுனியில் உட்கார்ந்து தாடைக்கும் தோளுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் இடது கைக்குப் புதுச் சுமை. சட்ஜ-பஞ்சம-சட்ஜ-பஞ்சம என்று சுருதி சேர்த்த தந்திகளை ஜி-டி-ஏ-ஈ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். கமகம் கூடாது, ஸ்வரத்தில் போய் நேராக நிற்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை மேற்கத்திய இசையை எழுதும் ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷனைப் படிப்பது. நம் பிள்ளைகளுக்குக் கேட்டு வாசிக்கும் காது பிரமாதமாக இருக்கும். அதை வைத்தே மற்றவர்களைப் பின்தொடர்ந்து சில மாதம் ஒப்பேற்றிவிடுவார்கள், படிக்கவே கற்றுக்கொள்ள மாட்டார்கள். இப்போதே, சென்னையிலேயே, மேற்கத்திய வயலின் ஆசிரியரிடம் கோடை முழுக்க நொட்டேஷன் மட்டும் கற்கச் சொல்லுங்கள். முதல் வருடம் கடைசி வரிசையில் இடம் கிடைத்தால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசி வரிசை என்றதும் நீங்கள் குடிவரும் ஊரிலேயே நடந்த ஒன்று ஞாபகம் வருகிறது. வெஸ்ட் விண்ட்சர்–பிளெயின்ஸ்பரோ டிஸ்ட்ரிக்ட் பிரின்ஸ்டனை ஒட்டியது. மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆசிய வம்சாவளி. நம்மவர்களும் சீனர்களும் கொரியர்களும். 2015-இல் அதன் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்ட் டேவிட் அடர்ஹோல்ட் பெற்றோருக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினார். அதற்கு முந்தைய கல்வியாண்டில் நடுநிலை, உயர்நிலை மாணவர்கள் 120 பேரை மனநலப் பரிசோதனைக்குப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது, 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்ற கணக்கோடு வந்த கடிதம் அது. உயர்நிலைப் பள்ளியில் இடைப்பருவ, இறுதித் தேர்வுகளை எடுத்துவிட்டார்கள். வீட்டுப்பாடமே இல்லாத இரவுகள் வைத்தார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருந்த முன்னேறிய கணிதப் பிரிவை மூடினார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. படிப்பின் தரத்தைக் குறைக்கிறார்கள் என்று கொதித்த பெற்றோரில் பலர் நம்மைப் போலக் குடியேறிகள். எங்கள் பிள்ளைகள் மூச்சுவிட வேண்டும் என்றவர்கள் இன்னொரு பக்கம். பத்திரிகைகளில் தேசிய அளவில் பேசப்பட்டது.

அந்தச் சண்டையில் தேர்வுகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதே மாற்றங்களோடு வந்த இன்னொரு சின்ன விஷயம்: இசை நிகழ்ச்சிகளில் சேரும் எந்தப் பிள்ளைக்கும், எவ்வளவு மோசமாக வாசித்தாலும், கீச்சிடும் உரிமை உண்டு என்றார்கள். அதாவது ஆறு வயதிலிருந்து தனி ஆசிரியர் வைத்துப் பயின்ற பிள்ளைகளுக்கு மட்டும் மேடை என்று ஆகிவிடக் கூடாது. ஆக்டிவிட்டி தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கச் சொல்வதும் இதைத்தான். புதிதாக வரும் ஒரு பெண் அங்கே கீச்சிட முடியுமா? கீச்சிட்டாலும் அவள் வராத நாளில் யாருக்காவது வேலை கெடுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள்.

விளையாட்டில் அப்படிப்பட்டவை இரண்டு உண்டு. விளையாட்டு இங்கே மூன்று பருவம்: இலையுதிர், குளிர், வசந்தம். கூடைப்பந்து, சாக்கர் (நம்மூர் கால்பந்து), வாலிபால் போன்றவற்றில் ட்ரைஅவுட் வைத்து ஆளைக் கழிப்பார்கள். சின்ன வயதிலிருந்து கிளப் அணிகளில் ஆடி வந்த பிள்ளைகளோடு போட்டி; உங்கள் மகளுக்கு அங்கே வாய்ப்பு குறைவு, உள்ளதைச் சொல்கிறேன். கிராஸ் கன்ட்ரியில் பெரும்பாலான பள்ளிகள் யாரையும் கழிப்பதில்லை. பூங்கா, மேடு, புல்வெளி என்று 5 கிலோமீட்டர் ஓட்டம். வார்சிட்டி என்ற பள்ளியின் முதல் அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டி, குறைந்த எண் வந்த அணி ஜெயிக்கும். மற்றவர்கள் ஜூனியர் வார்சிட்டி என்ற இரண்டாம் அணியில் ஓடுவார்கள். முதல் மாதம் பாதி தூரம் நடந்தே வருகிற பிள்ளைகளும் உண்டு. கடைசியாக வருகிறவருக்காக மொத்த அணியும் கோட்டருகே நின்று கத்தும். முதலில் வந்தவருக்குக்கூட அவ்வளவு கைத்தட்டல் கேட்டதில்லை.

இரண்டாவது ஃபென்சிங், அதாவது வாள்வீச்சு. அமெரிக்காவிலேயே சில மாநிலங்களில்தான் இது ஹைஸ்கூல் விளையாட்டு. நியூ ஜெர்சி அதில் ஒன்று. குளிர்காலப் பருவம், பெண்களுக்குத் தனி அணி. எல்லாப் பள்ளியிலும் கிடையாது, உங்கள் பள்ளியில் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு முன் வாளைத் தொட்டிராத பிள்ளைகள் நிறையப் பேர் வருவதால், கோச் அடிப்படைக் காலடியிலிருந்து சொல்லித்தருவார். கணக்கும் அழகானது: ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று ஆயுதம், ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர், ஒவ்வொருவரும் எதிரணியின் மூவரோடும் ஐந்து புள்ளி வரை மோத வேண்டும். ஆக 27 மோதல். 14 எடுத்த அணிக்கு வெற்றி. சாம்பியன் ஒருத்தி தன் மூன்றையும் ஜெயித்தாலும் அணிக்குப் பத்தாது. மூன்றாம் இடத்துப் புதுப்பெண் எடுக்கும் ஒரு வெற்றியில் முடிவு தொங்கும். மகளிடம் சொல்லுங்கள், ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய ஃபென்சர் சி.ஏ. பவானி தேவியும் சென்னைப் பெண்தான். அவரும் 2004-இல் பள்ளியில்தான் தொடங்கினார்.

கிரிக்கெட் உண்டா என்று எல்லா அப்பாக்களும் கேட்பார்கள். நியூயார்க் நகர அரசுப் பள்ளிகள் 2008 முதல் லீக் நடத்துகின்றன. நம் பக்கம் பள்ளி அணி என்று எதிர்பார்க்காதீர்கள், தனியார் அகாடமிதான்.

பெண்பிள்ளை என்பதால் இன்னொன்று. 1972-இல் டைட்டில் நைன் என்ற கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையம் ஆண்–பெண் பாகுபாடு காட்டக் கூடாது. அதற்கு முன் 1971–72-இல் நாடு முழுக்க ஹைஸ்கூல் விளையாட்டுகளில் இருந்த பெண்கள் சுமார் 2,94,000. இப்போது 34 லட்சத்துக்கும் மேல். அதனால் பெண்கள் அணிக்கு மைதான நேரம், பஸ், கோச் கிடைக்கவில்லை என்று மகள் சொன்னால் பேசாமல் இருக்க வேண்டாம். கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

விளையாட்டில் சேரக் காகித வேலை உண்டு, இதில்தான் புதிதாக வருகிறவர்கள் மாட்டுகிறார்கள். இலையுதிர்கால அணிகளின் பயிற்சி ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். அதற்குள் மாநிலம் தரும் படிவத்தில் உடல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். பயிற்சி தொடங்கும் நாளுக்கு முந்தைய 365 நாளுக்குள் செய்ததாக இருக்க வேண்டும். பார்க்கும் மருத்துவர், மாணவ விளையாட்டு வீரர்களின் இதயச் சோதனைக்கென்று மாநிலம் வைத்திருக்கும் பயிற்சியை முடித்தவராக இருக்க வேண்டும் என்பதும் விதி. சென்னையில் குடும்ப டாக்டரிடம் வாங்கும் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். இறங்கிய வாரமே இங்கே ஒரு குழந்தை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்; கோடையில் தேதி கிடைப்பது கஷ்டம். அதே வருகையில் பள்ளிச் சேர்க்கைக்கான தடுப்பூசிக் கணக்கையும், இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குக் கேட்கும் காசநோய்ப் பரிசோதனையையும் முடித்துவிடலாம். அடுத்தடுத்த வருடங்களில் விளையாட முந்தைய ஆண்டு 30 கிரெடிட் தேறியிருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது பிரச்சினையாவதில்லை.

விளையாட்டே வேண்டாம் என்றால் மார்ச்சிங் பேண்ட். இதில் நான் கொஞ்சம் பட்சபாதி, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வயலினுக்கு அங்கே இடமில்லை. ஆனால் ஓரத்தில் நின்று வாசிக்கும் தாளக்கருவிக் குழுவுக்கும், கொடி சுழற்றும் கலர் கார்டுக்கும் ஆள் எப்போதும் தேவை. பரதம் ஆடிய பெண்கள் கலர் கார்டில் சீக்கிரம் தேறுவதைப் பார்த்திருக்கிறேன்; உடம்பில் ஏற்கெனவே தாளக்கட்டு இருக்கிறது.

ஆகஸ்ட் வெயிலில் பேண்ட் கேம்ப். காலையிலிருந்து மாலை வரை தார் போட்ட பார்க்கிங்கில் நடை பழகுவார்கள். ஐந்து கெஜத்துக்கு எட்டு அடி. அதாவது ஓர் அடி இருபத்திரண்டரை அங்குலம், உயரமானவனுக்கும் குட்டையானவளுக்கும் அதே அளவு. ஒவ்வொருவரும் கழுத்தில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் மாட்டியிருப்பார்கள். பாட்டின் எந்த இடத்தில் மைதானத்தின் எந்தக் கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அதில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். ஒருவர் வராவிட்டால் வரிசையில் ஓட்டை. மேலே பார்வையாளர் படிகளிலிருந்து பார்த்தால் பல்லிளிக்கும். வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளையில் பத்து நிமிடத்துக்கும் குறைவான நிகழ்ச்சி. அதற்காக மரிம்பா, வைப்ரஃபோன், பெரிய முரசுகள் எல்லாவற்றையும் சக்கர வண்டியில் ஏற்றி, ஓடுதளம் தாண்டி உள்ளே தள்ளி, முடிந்ததும் ஆட்டக்காரர்கள் திரும்பி வருவதற்குள் வெளியே தள்ள வேண்டும். தள்ளுவது அப்பாக்கள். பக்கத்தில் தள்ளுகிறவர் பிளம்பராக இருப்பார், இந்தப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனி விஞ்ஞானி. வருடக் கணக்காக ஒரே தெருவில் இருந்தும் ஹலோவோடு நின்றிருந்தவர்கள் மழையில் மரிம்பாவுக்குத் தார்ப்பாய் போர்த்தும்போதுதான் பெயர் கேட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குச் சொன்ன காரணம் பெற்றோருக்கும் பொருந்தும் போல.

வெட்கப்படும் பிள்ளை என்றால் நாடகத்தின் ஸ்டேஜ் க்ரூ. வசந்தத்தில் பெரும்பாலான பள்ளிகள் ஒரு முழு மியூசிக்கல் போடும். அரங்க அமைப்பு, ஒளி, ஒலி, உடை, திரை எல்லாம் மாணவர்கள். இந்த மாநிலத்தில் மில்பர்ன் ஊரில் உள்ள பேப்பர் மில் ப்ளேஹவுஸ் என்ற தொழில்முறை அரங்கம் ஹைஸ்கூல் மியூசிக்கல்களுக்கென்றே ரைசிங் ஸ்டார் விருதுகளை நடத்துகிறது. மில்பர்ன் ஹைஸ்கூலில் படித்த நடிகை ஆன் ஹாத்வே பள்ளி நாட்களில் அதற்குப் பரிந்துரைக்கப்பட்டவர். க்ரூவுக்கு அந்தப் புகழ் வராது. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பெண் கையில் துளை போடும் ட்ரில்லைக் கொடுத்து மேடைப் படிக்கட்டைக் கட்டச் சொல்கிற இடம் வேறெங்கே இருக்கிறது?

இனி கிளப்புகள். செப்டம்பர் கடைசியில் கிளப் ஃபேர் என்று ஒரு நாள் வரும். மேசை மேசையாக மிட்டாய் வைத்துக்கொண்டு கூப்பிடுவார்கள். மகள் இருபது இடத்தில் பெயர் எழுதிவிட்டு வருவாள். கவலைப்படாதீர்கள், அவற்றில் பாதி நவம்பருக்குள் கூட்டம் போடுவதையே நிறுத்திவிடும். உருப்படியானவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி: பொறுப்பாசிரியர் யார், எத்தனை வருடமாக இருக்கிறார் என்று பாருங்கள். அந்த வேலைக்கு ஆசிரியர்களுக்குச் சம்பளம் போகத் தனி ஸ்டைபெண்ட் உண்டு. வாங்கிக்கொண்டு நாற்காலியில் இருப்பவரும் உண்டு, ராத்திரி எட்டு வரை நிற்பவரும் உண்டு. சயின்ஸ் ஒலிம்பியாட் என்ற அறிவியல் அணிப் போட்டி நம் பிள்ளைகளுக்கு ஒத்துவரும். அணிக்கு 15 பேர், அதில் பன்னிரண்டாம் வகுப்பு ஏழு பேருக்கு மேல் கூடாது என்பதால் சின்னவர்களுக்கும் இடம் வரும். 23 போட்டிகளை ஜோடி ஜோடியாகப் பங்குபோட்டுக்கொள்வார்கள். ஆனால் நம்மவர் அதிகம் உள்ள ஊர்களில் இதற்கே நுழைவுத் தேர்வு வைக்கிற அளவுக்குக் கூட்டம். பள்ளி அணிகள் ரோபோ கட்டி மோதும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டி ஜனவரியில் தொடங்கும். அணியின் பதிவுக் கட்டணமே ஆறாயிரம் டாலர் அளவில், ஆகவே நிரல் எழுதுவதற்குச் சமமாக ஸ்பான்சர் தேடும் வேலையும் நடக்கும். கம்ப்யூட்டர் தெரியாத பிள்ளைக்கு அங்கே வேலை நிறைய.

இத்தனை கிளப் எப்படி என்று வியப்பாக இருக்கும். பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1984-இல் வந்த ஈக்வல் ஆக்சஸ் ஆக்ட்டின்படி, அரசு நிதி பெறும் உயர்நிலைப் பள்ளி பாடத்துக்குத் தொடர்பில்லாத ஒரு மாணவர் கிளப்பை அனுமதித்தால், பேசப்படும் கருத்தைக் காரணம் காட்டி இன்னொன்றை மறுக்க முடியாது. நெப்ராஸ்காவில் ஒமாஹாவின் வெஸ்ட்சைட் ஹைஸ்கூல் ஒரு மாணவி கேட்ட பைபிள் கிளப்பை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1990-இல் 8–1 என்று மாணவி பக்கம் தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இன்று இந்து மாணவர் சங்கம், முஸ்லிம் மாணவர் சங்கம், சதுரங்க கிளப் எல்லாம் அடுத்தடுத்த அறைகளில் கூடுகின்றன. தமிழ் கிளப் ஒன்று தொடங்க மகளுக்கு ஆசை வந்தால், ஓர் ஆசிரியரைப் பிடித்து விண்ணப்பம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

எழுதப் பிடிக்கும் பிள்ளைக்குப் பள்ளிப் பத்திரிகை. 1983-இல் செயின்ட் லூயிஸ் புறநகரில் ஹேசல்வுட் ஈஸ்ட் ஹைஸ்கூல் முதல்வர், மாணவிகளின் கர்ப்பம், பெற்றோர் விவாகரத்து பற்றிய கட்டுரைகள் இருந்த பக்கங்களையே நீக்கினார். கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் பள்ளிக்கு அந்த அதிகாரம் உண்டென்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியூ ஜெர்சி 2021 டிசம்பரில் தனிச் சட்டம் போட்டு மாணவர் பத்திரிகைக்குக் கூடுதல் சுதந்திரம் கொடுத்தது. கேன்டீன் இட்லி சரியில்லை என்று எழுதியே பழகிய நமக்கு, ஸ்கூல் போர்டு கூட்டத்தில் போய் உட்கார்ந்து பட்ஜெட்டைக் கேள்வி கேட்டு எழுதும் பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்தால் கொஞ்சம் பயம்கூட வரும். நல்ல பயம்.

உறவினரின் ஏழெட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பல காலேஜ்களுக்கு ஒன்றாக அனுப்பும் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் ஆக்டிவிட்டி எழுத 10 கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 150 எழுத்துகள்தான் விவரிக்க இடம். கட்டம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் நிரப்பப் பார்க்கிறோம். எம்.ஐ.டி. தன் விண்ணப்பத்தில் நான்குதான் கேட்கிறது என்பதை உறவினரிடம் சொல்லுங்கள். பதினோராம் வகுப்பில் திடீரென்று ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கி, அதற்கு நிறுவனர், தலைவர் பட்டம் சூட்டி, அப்பாவே வெப்சைட் போட்டுக் கொடுப்பது இங்கே நம்மவரிடம் ஒரு குடிசைத் தொழில். விண்ணப்பம் படிப்பவர்களுக்கு அது புதிதல்ல. 2019-இல் பணக்காரப் பெற்றோர் சிலர் பிள்ளைகளைத் துடுப்புப் படகு வீரர்கள் என்று போலிப் படத்தோடு காட்டிப் பிடிபட்டு, சிறைக்கே போனார்கள். இந்தப் பைத்தியத்தின் உச்சி அது. நான்கு வருடம் ஒரே ஆர்கெஸ்ட்ராவில் கடைசி வரிசையிலிருந்து நடு வரிசைக்கு வந்த பெண்ணுக்கு எழுத விஷயம் இருக்கும். பரிந்துரைக் கடிதம் எழுத, அவளைத் தினமும் பார்த்த ஓர் ஆசிரியரும் இருப்பார். முதலில் மதிப்பெண்ணும் அவள் எடுத்த பாடங்களின் கடினமும்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் பங்கு என்ன? கார் ஓட்டுவது. நியூ ஜெர்சியில் 17 வயதுக்கு முன் தனியாக ஓட்ட முடியாது. ஆக்டிவிட்டி முடிந்து வருகிறவர்களுக்கான லேட் பஸ் உண்டா, என்னென்ன நாளில் என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் மாதத்திலேயே கார்பூல் பிடியுங்கள். இரண்டு பேரும் பிரின்ஸ்டன் தாண்டி ஆபீஸ் போனால், மாலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்கும் பிள்ளையை யார் கூட்டி வருவது என்பதுதான் எந்த ஆக்டிவிட்டி என்பதையே தீர்மானிக்கும். பணம் பெரிதாகப் போகாது, ஆனால் சில்லறையாகப் போய்க்கொண்டே இருக்கும்: ஷூ, வாடகை வயலின், பேண்ட் கட்டணம், பயணம், டி-ஷர்ட். கலிஃபோர்னியாவில் ஆக்டிவிட்டிக்குக் கட்டணம் வாங்கவே கூடாதென்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1984-இல் சொல்லிவிட்டது. இங்கே அந்தந்த டிஸ்ட்ரிக்ட்டின் முடிவு. கட்ட முடியாதவர்களுக்குச் சலுகை கேட்கலாம், யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. பெற்றோர் சங்கம் தின்பண்டக் கடையில் ஒரு ஷிஃப்ட் நிற்கக் கூப்பிடும். போங்கள்.

கடைசியாக விசா, நீங்கள் கேட்காவிட்டாலும். மகள் ஹெச்-4 என்ற, ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசாவில் வந்தால் பள்ளியின் அணி, கிளப், பேண்ட் எதற்கும் தடையில்லை; யாரும் விசா கேட்கவும் மாட்டார்கள். சம்பளம் வாங்கும் வேலை மட்டும் கூடாது, கோடையில் ஐஸ்க்ரீம் கடையும் நீச்சல்குளக் காவலும் உட்பட. மற்ற பிள்ளைகள் போகும்போது அவளுக்கு அது உறுத்தும், முன்பே சொல்லி வையுங்கள். சம்பளமில்லாத தொண்டு வேலை செய்யலாம். உயிரியல், இயற்பியல் ஒலிம்பியாடுகளில் தேசிய அணித் தேர்வுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்பார்கள். ஸ்காலர்ஷிப் பலவற்றிலும் அப்படித்தான். ஆகவே அவள் மாதக் கணக்கில் ஒன்றுக்குத் தயாராகத் தொடங்கும் முன் அதன் தகுதி விதிப் பக்கத்தை நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.